ஞ இல்லாத பெட்டிகள்

நெட்டை வாங்கிவந்த ரொட்டிப் பொட்டலத்தில் தன் கையெழுத்து இருப்பதைப் பெரியவள் பார்த்தது, பொட்டலத்தைப் பாதி கிழித்த பிறகுதான்.

'வெண்ணெய் ரொட்டி' என்று பழுப்புத் தாளில் கறுப்பாக, கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. அச்சு எழுத்து இல்லை. முடி கொட்டிப்போன பிரஷ்ஷால் யாரோ அவசரமாக இழுத்தது போல, ஓரமெல்லாம் பிசிர் பிசிராக, நடுவில் மை வற்றிக் கோடு கோடாக. கிழிந்த தாளை மறுபடி ஒட்டவைத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்த 'ண' ஆணிப் பெட்டியில் இருக்கும் 'ண'. மூன்றாவது சுழிக்கு வரும்போது பெயின்ட் தீர்ந்து சப்பையாகிவிட்ட அதே 'ண'. அந்த 'ய்' குழாய்ப் பெட்டியின் 'ய்'. புள்ளி வட்டமாக இல்லாமல், சிந்திய சொட்டு போல ஒரு பக்கம் வால் வைத்திருந்தது.

"என்ன பாப்பா, ரொட்டியில பூச்சியா?" என்றார் நெட்டை. அப்பா காலத்திலிருந்து அவர்களுடைய இரும்புச் சாமான் கடையில் வேலை பார்க்கிறவர். மேல் தட்டுப் பெட்டியை ஏணி இல்லாமல் எடுப்பார் என்பதால் வந்த பெயர். ஐம்பதை நெருங்கிவிட்டவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிற ஒரே ஆள்.

"இதைப் பாருங்கண்ணே."

அவர் தாளை வெளிச்சத்துக்குக் காட்டி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். "அடடே. நம்ம ஆணிப்பெட்டி எழுத்துல்ல இது! கடிச்சுத் தின்னு பாப்பா. உள்ள ரெண்டு திருகாணி கிடக்கப்போகுது."

அவள் சிரிக்கவில்லை. தங்கைக்குப் போன் போட்டாள்.

தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பெரிய ஊரில் டிசைன் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தாள். பொட்டலங்கள், பலகைகள், புத்தக அட்டைகள் அவள் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் வந்து, கடையில் இருந்த மரப்பெட்டி ஒவ்வொன்றையும் துடைத்து வெளியே வெயிலில் வைத்து, முகப்பில் இருந்த எழுத்துகளைப் படம் பிடித்துக்கொண்டு போனாள். ஞாபகத்துக்கு என்று சொன்னாள். பெரியவளும் அதோடு மறந்துவிட்டாள்.

"பார்த்துட்டியா?" என்று போனில் கத்தினாள் சின்னவள். "அய்யோ, நானே நேர்ல வந்து காட்டலாம்னு இருந்தேன். அந்த ரொட்டிக்காரர் அவசரப்பட்டுட்டார். அக்கா, அப்பா கையெழுத்தை ஃபான்ட் ஆக்கியிருக்கேன்! இனிமே யாரு வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணினா அப்பா எழுதின மாதிரியே வரும். முரட்டு பிரஷ் எழுத்து, அதுக்குத்தான் இப்ப எல்லாரும் அலையறாங்க. கையால செஞ்சது மாதிரி, மனுஷன் செஞ்சது மாதிரி தெரியணுமாம். பேரு என்ன வெச்சிருக்கேன் தெரியுமா?"

"என்ன?"

"அப்பா. அவ்வளவுதான். 'அப்பா'ன்னே பேரு."

பெரியவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கல்லாவுக்கு முன்னால் ஒருவர் கீல் கேட்டு நின்றார். "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

வைத்த பிறகும் நெட்டை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லலையா?" என்றார்.

"என்னத்தை?"

"எழுதினது யாருன்னு."

"போய் கீலை எடுத்துக் குடுங்கண்ணே."

சின்னவள் பிறந்த வருஷம்தான் பெரியவள் கடைக்கு வந்தாள். அம்மாவுக்குக் கைக்குழந்தையோடு மல்லுக்கட்டவே பொழுது போதாமல் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பதினைந்து வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது, கடையில் உட்காரட்டும் என்றார் அப்பா. அவளுக்கும் வீட்டு அழுகையைவிடக் கடைச் சத்தம் பிடித்திருந்தது. ஆணியை எடை போடக் கற்றுக்கொண்டாள். எந்தத் திருகுக்கு எந்த மரை என்று கண்ணாலேயே சொல்லக் கற்றுக்கொண்டாள். புதுச் சரக்கு வந்து பெட்டிகள் மாறும்போது அப்பா குனிந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் பேர் எழுதுவார். எழுதி முடித்து நிமிரும்போது வாயில் வராத வசவெல்லாம் வரும். ஒருநாள் பாதியில் பிரஷ்ஷை அவளிடம் நீட்டினார்.

"நீ எழுது. என்னால குனிய முடியலை."

அவள் பள்ளிக்கூடக் கையெழுத்தில், உருண்டை உருண்டையாக 'சங்கிலி' என்று எழுதினாள். அப்பா பார்த்தார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது என்றார்.

"என்னை மாதிரி எழுது. கடைக்கு ஒரு கைதான் இருக்கணும். ரெண்டு கை தெரிஞ்சா ரெண்டு முதலாளின்னு நினைச்சுப்பான். என்கிட்ட கேட்டுட்டு உன்கிட்ட வந்து விலையைக் குறைப்பான்."

அன்றிலிருந்து அவள் அவரை மாதிரி எழுதினாள். முதலில் வெறும் நகலாக, மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு. பெயின்ட்டை அதிகம் தொட்டால் வழியும், வழிந்தால் அவர் கத்துவார் என்பதால் ஒரே தொடலில் ஒரு சொல்லை முடிக்கப் பார்த்தாள். கடைசி எழுத்துக்கு வரும்போது பிரஷ் காய்ந்துபோய் மரத்தின் நரம்பு தெரியும். தங்கை இப்போது 'அப்பாவோட அவசரம்' என்று வியக்கிற அந்த வறண்ட கோடுகள், உண்மையில் திட்டு வாங்கப் பயந்த ஒரு பெண்ணின் சிக்கனம். ஆறே மாதத்தில் அப்பா எழுதுவதை விட்டுவிட்டார். அவர் போகும்வரை, போன பிறகும், அந்தக் கடையில் ஒவ்வொரு புதுப் பெட்டியிலும் எழுதியது அவள். அப்பா எழுதிய பெட்டிகள் நான்கைந்து மேல் தட்டில் அப்படியே தங்கிவிட்டன. இரண்டையும் பிரித்துச் சொல்ல அம்மாவுக்குத் தெரியும்; அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். நெட்டைக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

சின்னவள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஹாஸ்டலில் சேர்ந்தவள். விடுமுறைக்கு வருவாள். அவளுக்குப் பதினொரு வயது நடக்கும்போது அப்பா போனார். அவளுக்கு மிஞ்சிய அப்பா என்பது பனியன் போட்ட ஒரு முதுகு, இரும்பு வாசனை, பெட்டிகளில் இருந்த எழுத்து. முதல் இரண்டும் காலப்போக்கில் மங்கிவிட்டன என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதனால்தான் பெரியவளுக்கு வாய் வரவில்லை. அவளிடம் இருப்பதில் பெரும்பங்கைப் பிடுங்கிக்கொண்டு, இது என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

ஆனால் சொல்லாமல் இருப்பதும் லேசாக இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் எழுத்து ஊரில் பெருகத் தொடங்கியது. ரொட்டிக்காரரைப் பார்த்து ஒரு காபிக் கடைக்காரர் கேட்டு வாங்கினார். நாடகக் குழு ஒன்று சுவரொட்டியில் 'இன்றே கடைசி' என்று அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியது. முடிதிருத்தும் நிலையத்தின் கண்ணாடிக் கதவில் 'உள்ளே வரவும்' வந்தது. பேருந்தில் போகும்போது ஒரு இளைஞனின் சட்டை முதுகில் 'சும்மா இரு' என்று தன் கையெழுத்தே தனக்குச் சொல்வதைப் பார்த்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டாள். அந்த எழுத்து பெரிதாக இருக்கும்போது கம்பீரமாக இருந்தது. சின்னதாக்கினால் பிசிரெல்லாம் அடைத்துக்கொண்டு எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் அதில் ரசீது அடித்துவிட்டு அவராலேயே படிக்க முடியாமல் விழித்தார். இதையெல்லாம் அவள் ஒரு தகப்பனைப் போலப் பெருமையோடும் எரிச்சலோடும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கிறவர்களெல்லாம், "உங்க அப்பா எழுத்தாமே! போனாலும் பேசறார் பாருங்க" என்றார்கள். அவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "எழுத்துதானே, யாரோடதா இருந்தா என்ன?" என்றார். "உங்க சம்பளத்தை யாரு கையெழுத்துப் போட்டு வாங்கினா என்ன?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

சின்னவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு மத்தியான நேரம். கடையில் கூட்டம் இல்லை. கல்லா மேசையில் தராசை ஒதுக்கிவிட்டுக் கணினியைத் திறந்தாள்.

"அக்கா, ஒரு சிக்கல். இதுவரைக்கும் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் குடுத்திருக்கேன். அடுத்த வாரம் எல்லாருக்குமா வெளியிடறோம். 'ஞ' இல்லை."

"எது?"

"ஞ. ஞாபகம், ஞானம், மஞ்சள், பஞ்சு. ஒரு பெட்டியிலகூட ஞ இல்லை. ங கிடைச்சுடுச்சு, சங்கிலியில. ஔகூட நான் ஒட்டுப்போட்டுச் சமாளிச்சுட்டேன். ஞ மட்டும் வரமாட்டேங்குது. மஞ்சக் கயிறுன்னு எதுவும் எழுதலையா?"

"கயிறுன்னுதான் எழுதுவோம். கலரைத்தான் கண்ணால பார்க்கலாமே."

"இஞ்சுன்னு?"

"அதுக்கு ரெண்டு கோடு போட்டா போதும்."

பரணில் இருந்து நெட்டையின் குரல் வந்தது. "ஞாயிறு விடுமுறைன்னு ஒரு போர்டு மாட்டியிருந்தா கிடைச்சிருக்கும். உங்க அப்பா ஞாயித்துக்கிழமை ஒருநாள் கடையை மூடினதில்லை சின்னப் பாப்பா. எங்களையும் மூட விடலை. அவர் ஆசைக்கு ஒரு எழுத்தே காணாமப் போச்சு பார்!"

மூவரும் சிரித்தார்கள். சின்னவள் சிரித்துக்கொண்டே திரையில் எழுத்துகளை வரிசையாகக் காட்டினாள். ஒவ்வொரு கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக, அவளுடைய பெட்டிகள் எல்லாம் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. பூட்டின் 'பூ', தாழ்ப்பாளின் 'ழ்', கொக்கியின் 'கொ'.

"இங்க பாரேன், அப்பா எவ்வளவு வேடிக்கையான ஆளு. லையை ரெண்டு விதமா எழுதியிருக்கார். மேல்தட்டு கம்பி வலைப் பெட்டியில அந்தக் காலத்து லை, யானைத் தும்பிக்கை மாதிரி மேல சுருட்டி. கீழ்த்தட்டுக் கொசுவலைப் பெட்டியில இப்போ நாம எழுதற லை. ஒரே மனுஷன். மனசு எப்படியோ அப்படி!"

அப்பா கடைசிவரை தும்பிக்கை லைதான் எழுதினார். வேறு மாதிரி எழுத அவருக்கு வராது. பள்ளிக்கூடத்தில் புது லை கற்றுக்கொண்டு வந்தவள் பெரியவள். இந்த ஒரு எழுத்தில் மட்டும் அவரை மாதிரி எழுத அவள் மறுத்தாள். டீச்சர் தப்பு போடுவார் என்று சொன்னதும் அவரும் விட்டுவிட்டார். பெரியவள் திரையில் அந்த இரண்டு லைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஞவுக்கு இப்ப இதைப் பண்ணியிருக்கேன்" என்று சின்னவள் ஒரு கட்டத்தைப் பெரிதாக்கினாள். 'ண'வின் சுழியை வெட்டி, 'த'வின் காலை ஒட்டியிருந்தாள். வெட்டிய இடம் தெரியவில்லை, ஆனாலும் எழுத்து எழுந்து நிற்கவில்லை. உடம்பு ஒருத்தருடையது, கால் ஒருத்தருடையது.

"பல்லி செத்து விழுந்த மாதிரி இருக்கு" என்றாள் பெரியவள்.

"தெரியுது. என்ன பண்ண? அப்பாவை எழுப்பியா கேக்க முடியும்?"

பரணில் நெட்டை கையில் ஒரு பெட்டியோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார். அவர் தன்னைப் பார்ப்பதைப் பெரியவள் நிமிராமலேயே அறிந்தாள். இப்போது பேசாவிட்டால் அந்தச் செத்த பல்லி ஊரெல்லாம் போகும். அதைவிட, இந்த வரிசையின் தலைப்பில் 'அப்பா' என்று நிரந்தரமாக விழுந்துவிடும். அப்புறம் அவளே வந்து சொன்னாலும் உளறல் என்பார்கள்.

எழுந்து போய், தாழ்வாரத்தில் இருந்த கறுப்பு பெயின்ட் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திருப்புளியால் நெம்பித் திறந்தாள். முடி கொட்டிய பிரஷ்ஷை எடுத்துத் தட்டினாள். காலி மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, குனிந்து, ஒரு தொடலில் 'ஞ' என்று இழுத்தாள்.

சின்னவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். சுழியின் கனம், ஏறும்போது பிரஷ் சாய்கிற சாய்வு, கடைசியில் காய்ந்து நரம்பு தெரிகிற இடம். அவள் இந்த எழுத்துகளோடு மாதக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"நீ பிறந்ததுலேர்ந்து."

"எல்லாமேவா?"

"மேல்தட்டுல இருக்கறது அப்பாவோடது. மிச்சமெல்லாம்..." பெரியவள் கையைத் துணியில் துடைத்தாள். "மிச்சமெல்லாம் நான்."

"ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே."

"இதென்ன பேச்சு? அப்பா கையெழுத்து, அப்பா கையெழுத்துன்னு இத்தனை வருஷம் நான் உளறிக்கிட்டுத் திரியறேன், கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே! எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லி, கண்ணுல தண்ணி விட்டு... என்னைப் பார்த்தா உனக்குக் காமெடியா இருந்துச்சா?"

"உன்கிட்ட வேற என்ன இருந்துச்சு அவரோடது? அதையும் எப்படிடி நான் பிடுங்கறது?"

சின்னவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு திரையை வெறித்தாள். நெட்டை ஓசைப்படாமல் இறங்கி, வாசலில் போய் நின்று, தெருவில் முக்கியமாக ஏதோ நடப்பது போலப் பார்த்தார்.

"ஹாஸ்டலுக்குப் பார்சல் வரும்" என்றாள் சின்னவள் கடைசியில். "மேல என் பேரு இந்த எழுத்துல இருக்கும். அதைக் கிழிச்சு வெச்சுப்பேன். இன்னும் இருக்கு என்கிட்ட. அது?"

"கட்டினது அப்பா. அந்த முடிச்சை வேற யாராலயும் போட முடியாது, உனக்கே தெரியும். எழுதினது நான்."

"முடிச்சை அவிழ்க்க முடியாம வார்டன்கிட்ட கத்தரிக்கோல் கேட்டு அழுவேன்."

"அதான் அப்பா."

சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு நாற்காலியைக் காட்டி, "உட்காரு" என்றாள். "எது எது அவரோடதுன்னு காட்டு. ஒண்ணு விடாம."

இருவரும் கட்டம் கட்டமாகப் போனார்கள். தும்பிக்கை லை. கம்பியின் 'க', அது மற்ற 'க'வைவிட ஒரு சுற்று அகலம். உளிப் பெட்டியின் 'உ', 'ளி'. இழைப்புளியின் 'ழை'. எண்களில் ஏழு. அவ்வளவுதான் தேறியது. சின்னவள் அந்தச் சில எழுத்துகளை மட்டும் திரையில் தனியே இழுத்துப் போட்டு, பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தாள். இவ்வளவு நாளாகக் கும்பலுக்குள் தொலைந்திருந்த ஆள் இப்போதுதான் தனியாக நிற்கிறார் போலிருந்தது. அவை நடுங்கவில்லை, அவசரப்படவும் இல்லை. பெயின்ட் நிறைய இருந்தது. கஞ்சத்தனமே இல்லாத எழுத்து.

"இவர் நிதானமா எழுதியிருக்கார்" என்றாள் ஆச்சரியமாக. "நீதான் அவசரக்காரி."

"கத்துவாரே!"

"இதைத் தனியா வெச்சுக்கறேன். வெளியில விடமாட்டேன். இது எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி, இப்ப பேரு? 'அப்பா'ன்னு அறிவிச்சாச்சு. ரொட்டிக்காரர் அட்டையிலயே போட்டுட்டார், தெரியுமா, 'எழுத்து: அப்பா'ன்னு."

"மாத்து."

அவள் அப்படிப் பட்டென்று சொல்வாள் என்று சின்னவள் எதிர்பார்க்கவில்லை. பெரியவளும்தான்.

"அக்கான்னு வெச்சுடட்டுமா? நல்லா இருக்கும். அப்பா போய் அக்கா வந்தாச்சு."

"நான் உனக்குத்தான் அக்கா. ரொட்டிக்காரனுக்கும் சலூன்காரனுக்கும் நான் என்ன அக்காவா?"

"பின்ன?"

பெரியவள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குப் பெயர் அப்பாவுடையது. வீட்டு வாசலில் இருப்பது வீட்டுக்காரருடையது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் அவள் இன்னாருடைய அம்மா. வாடிக்கைக்காரர்களுக்கு அவள் முதலாளியின் பெண். ஊரே தலைமேல் வைத்துக்கொண்டிருக்கிற இந்த எழுத்தைத் தவிர, தன்னுடையது என்று கைகாட்ட அவளிடம் எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"எனக்குன்னு ஒரு பேரு இருக்கில்ல? அதை வை."

வாசலில் நின்ற நெட்டை திரும்பாமலேயே, "அப்படிப் போடு பாப்பா!" என்றார்.

சின்னவள் 'அப்பா'வை அழித்தாள். அந்த இடத்தில் அக்காவின் பெயரை, வீட்டில் யாரும் முழுசாகக் கூப்பிடாத பெயரை, எழுத்தெழுத்தாகத் தட்டினாள். தட்டிவிட்டுக் கணினியை அவள் பக்கம் திருப்பினாள். பெரியவள் படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது கன்னத்தில் கறுப்பு பெயின்ட் ஒட்டியது.

"இன்னொரு ஞ வேணும்" என்றாள் சின்னவள், தொழில்காரியாக மாறி. "ஒரு வரியில ரெண்டு ஞ வந்தா ரெண்டும் அச்சு அசலா இருக்கக் கூடாது, அப்புறம் கையெழுத்துன்னு யாரும் நம்ப மாட்டாங்க. முதல்ல எழுதினியே, அது அப்பா எழுதியிருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சு எழுதினதுதானே?"

"ஆமா. பழக்கம்."

"அவர் ஞ எழுதினதை நீ பார்த்ததே இல்லைல்ல? அப்ப உன் இஷ்டத்துக்கு எழுது."

பெரியவள் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினாள். விளிம்பில் வழித்துவிடவில்லை. பெயின்ட் சொட்டச் சொட்ட அப்படியே எடுத்து, பெட்டியின் மேல் கையை வைத்தாள். பார்த்து எழுத யாருடைய கையும் நினைவில் இல்லை. சுழித்து, ஏறி, வளைந்து இறங்கி, காலைப் பெட்டியின் ஓரம்வரை வீசி இழுத்தாள். ஒரு சொட்டு வழிந்து தரையில் விழுந்தது. யாரும் கத்தவில்லை.

சின்னவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இந்தக் கால் ரொம்ப நீளம் அக்கா. பக்கத்து எழுத்தை இடிக்கும். கொஞ்சம் திமிரா இருக்கு."

"இருக்கட்டும்" என்றாள் பெரியவள். "பக்கத்து எழுத்தைத் தள்ளி உட்காரச் சொல்லு."